நாற்காலி இல்லாத வார்டு

உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடுமென்று, நர்சுகளின் நாற்காலிகளையெல்லாம் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியவர் ஆஸ்பத்திரி முதலாளி சபாபதி. கால் கடுத்தே சின்ன வயசு நர்சுகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தவள் ஜெனிஷா.

ஆஸ்பத்திரியில் பங்குதாரராகச் சேர ஒரு அம்மாள் வருகிற அன்று சபாபதி ஜெனிஷாவைக் கூப்பிட்டார். "வேலை பிடிச்சிருக்குன்னு சொல்லணும். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா நாளைக்கு வர வேண்டாம்."

அம்மாள் வந்ததும், "எங்க பிள்ளை கைராசியைப் பாருங்க" என்று சபாபதி பெருமையாக ஜெனிஷாவிடம் கையை நீட்டினார். "பிரஷர் பாரும்மா."

"கொஞ்ச நேரம் உட்காருங்க சார். அப்போதான் அளவு சரியா வரும்."

சபாபதி சுற்றுமுற்றும் பார்த்தார். வார்டில் ஒரு நாற்காலிகூட இல்லை.

"அப்போ நர்சுங்க எங்கே உட்காருவாங்க?" என்றார் அம்மாள்.

"யாருப்பா அங்கே, நாற்காலியெல்லாம் கொண்டாங்க" என்று வழிந்தார் சபாபதி.

வந்த நாற்காலியில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொண்டு சபாபதி எழுந்ததும், ஜெனிஷா அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேலை பிடிச்சிருக்காம்மா?" என்று அம்மாள் கேட்டார்.

அவள் காலை நீட்டிக்கொண்டாள். "இப்போ ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்."