இலை விழாத இடம்

அந்த மடத்துப் பந்தியில் ஒருவனுக்கு இலை விழவில்லை என்றால், அவன் போகவேண்டும் என்று அர்த்தம். வாய்திறந்து யாரும் சொல்லமாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மடத்து வீட்டையும் காலிசெய்துவிட வேண்டும். அங்கே வழக்கம் அப்படி.

அன்று மதியம் மாசானத்துக்கு இலை விழவில்லை.

மாசானம் மடத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். முந்தின இரவு மடை உடைத்துக்கொண்டு, தண்ணீர் நாற்றங்காலையே வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரு வருஷத்துச் சோறு. வயிறு எரியாதா? மடத்துக் காரியங்களைப் பார்த்துவந்த தெய்வநாயகத்துக்கும் எரிந்தது. மடத்துத் தலைவர் பெரியசாமியின் சீடர்களில் மூத்தவர் அவர். நல்ல மனுஷர்தான். ஆனால் வழக்கென்று வந்துவிட்டால், பாதி கேட்கும்போதே தீர்ப்பு வாயில் வந்து நிற்கும். மடையோரம் கிடந்த மம்பட்டி மாசானத்துடையது என்று தெரிந்ததும், மடையை அடைக்காமலே போய்விட்டான் என்று முடிவுகட்டி, "அவனுக்கு இலை வேண்டாம்" என்றுவிட்டார்.

மாசானம் தூணோரம் நின்றான். வீட்டில் மனைவி பச்சைப்பிள்ளைக்காரி. வேறு போக்கிடம் கிடையாது.

பெரியசாமி வந்தார். தனக்குப் போட்டிருந்த இலையைப் பார்த்தார். அதைத் தாண்டிப்போய், இலை இல்லாத இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பந்தி திகைத்துப்போனது. அவர் முதல் கவளம் எடுக்காமல் யாரும் கைவைக்கக் கூடாது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"சாமி, அது மாசானத்தோட இடம்" என்றார் தெய்வநாயகம்.

"தெரியும். அவன் என்ன சொன்னான்?"

"கேட்கலை சாமி."

"ஏன்?"

"என்ன சொல்லிடப் போறான்? 'அடைச்சேன்'ம்பான். மம்பட்டி அங்கேயே கிடக்கு. கேட்டு என்ன ஆகப்போகுது?"

"அதையும் அவன் வாயாலேயே கேட்போமே. எனக்கு ஒண்ணும் அவசரப் பசி இல்லை."

தெய்வநாயகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பந்தி முழுக்கப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல் தூண் பக்கம் திரும்பினார்.

"சொல்லுடா. மடையை அடைச்சியா, இல்லையா?"

"அடைச்சேன் சாமி." மாசானம் தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்தான். "மடைப்பலகை அடியிலே இத்துப்போயிருக்கு. தண்ணி தள்ளுனா நிக்காது. அதான் மண்ணை வெட்டி அண்டக் கொடுத்தேன். விடியக்காலம் வந்து இன்னும் கொஞ்சம் போடலாம்னு மம்பட்டியை அங்கேயே வச்சிட்டுப் போனேன்."

"பலகை இத்துப்போச்சுன்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்டதான் சாமி சொன்னேன். குருபூசை வேலையா இருந்தீங்க. 'அப்புறம் பார்ப்போம்'னீங்க."

தெய்வநாயகம் யோசித்துப் பார்த்தார். சொன்னானா? குருபூசை சமயத்தில் ஆளாளுக்கு வந்து என்னென்னவோ சொன்னார்கள். இவன் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லவே இல்லை என்று அடித்துப் பேசவும் நாக்கு வரவில்லை.

தெய்வநாயகம் பெரியசாமியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சாமி, இவன் சொல்றது நிஜமா, பொய்யா?"

"எனக்கெப்படித் தெரியும்? சாப்பிட்டுட்டு மடைக்குப் போ. பலகையைத் தூக்கிப் பாரு."

"பார்த்து, பொய்னு தெரிஞ்சா?"

"அப்போ அவன் இலையை எடுத்திடு. எடுக்கணும்னா முதல்ல இலை கிடக்கணும் இல்லையா? போடு."