முதலில் போகிற இடம்

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா பாவமாம்மா?"

வந்ததும் வராததுமாக உலகம்மாள் கேட்டது இதைத்தான். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

தவசியம்மா சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அடுப்புக்கு ஏது பாவம்? யார் வீட்டுல?"

"எங்க வீட்டுலதான்."

"முதல்ல உட்காருங்க."

உலகம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தவசியம்மா அவளைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனாலும் மலையடிவாரத்து அந்த ஓட்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் வயதெல்லாம் வாசலோடு சரி. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருகிறாள். காலைத் தொட்டுக் கும்பிடுவாள். ஒரு சந்தேகம் கேட்பாள். பதில் புரிந்தால் சந்தோஷம், புரியாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை.

இன்றைக்குக் கும்பிட மறந்துபோனாள்.

"செங்கல் வந்து எறங்கியாச்சும்மா. ஆவணி பிறந்ததும் நடுவீட்டுல சுவர். அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. நீங்க நல்லபடியா ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"அவங்கன்னா?"

"கொழுந்தனும் பேச்சியும்."

பேச்சி, கொழுந்தன் குத்தாலத்தின் மனைவி. பத்தொன்பது வருஷமாக உலகம்மாளோடு ஒரே அடுப்பில் சமைத்தவள்.

"பேச்சி என்ன செஞ்சா?"

கேட்டதுதான் தாமதம்.

"என்ன செய்யலைன்னு கேளுங்க! வெட்டுற சாமான் எல்லாத்துக்கும் ஒரு டப்பா வச்சு, பேர் எழுதி ஒட்டியிருக்கேன். கத்திரிக்கோல் என்னைக்காவது அதுல இருக்கா? பால் பாக்கெட்டை வெட்டிட்டு ஜன்னல்ல போட்டுட்டுப் போயிருவா. தீப்பெட்டி அரிசிப் பானைக்குள்ள கெடக்கும். கேட்டா, சாரலுக்கு நமுத்துப் போயிரும்னு சொல்லுவா. நான் எடுத்து வைப்பேன், அவ கலைப்பா. நான் எடுத்து வைப்பேன், அவ கலைப்பா. ஒரு சாமான் ஒரு இடத்துல தங்க மாட்டேங்குது."

"கத்திரிக்கோலுக்காகவா சுவர்?"

உலகம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"போன மாசம் எங்க வீட்டுக்காரவுகளுக்கு நெஞ்சை அடைச்சிருச்சும்மா."

தவசியம்மா அரிவாள்மணையைத் தள்ளி வைத்தார்.

"மாத்திரை டப்பாவைக் கொட்டிக் கவுக்கேன், நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை மட்டும் இல்லை. வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு. அவ அதை எடுத்து இவுக சட்டைப்பையில வச்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கிடைச்சுது. நல்லாத்தான் இருக்காங்க." உலகம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "ஆனா அன்னைக்கு நான் பயந்த பயம் இன்னும் போகலை. இனிமே என் சாமான் என் கைக்குத் தெரிஞ்ச இடத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

பாவம், அந்த ஒரு மாதமாக அவள் தூங்கியதே கொஞ்சம். பகலெல்லாம் அலமாரியைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். அடுக்கிய பிறகும் பயம் அடங்கவில்லை.

தவசியம்மா சுரைக்காய்த் துண்டுகளைச் சட்டியில் அள்ளிப் போட்டார்.

"உள்ள போய் ஒரு கை உப்பு எடுத்துட்டு வாங்க."

ஆறு வருஷத்தில் உலகம்மாள் அந்த அடுப்படிக்குள் போனதில்லை. போனாள். போன வேகத்தில் உப்போடு வந்தாள்.

"எங்க இருந்துது?"

"அடுப்புக்கு வலப்பக்கம், கல்சட்டியில."

"நான் சொல்லலையே."

"இதுக்கெல்லாம் சொல்லணுமா? கை தானா போச்சு."

"உங்க வீட்டுல உப்பு எங்க இருக்கு?"

"அலமாரியில மூணாவது தட்டு. உப்பு, உளுந்து, எள்ளு, ஏலக்காய். அகர வரிசைப்படி வச்சிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அடுப்புல இருந்து எத்தனை எட்டு?"

"ஏழு," என்றாள் உலகம்மாள். சொன்ன பிறகுதான், எண்ணி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கே தோன்றியது.

தவசியம்மா சிரிக்கவில்லை. சட்டியைக் குலுக்கினார்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் எதையும் அடுக்காதீங்க. யார் எதைத் தேடினாலும் எங்க இருக்குன்னு சொல்லாதீங்க, எடுத்துக் கொடுக்கவும் கொடுக்காதீங்க. மருந்துக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மத்தபடி, தேடுறவங்க முதல்ல எங்க போறாங்கன்னு பாருங்க. பிறகு அந்தச் சாமானைக் கொண்டுபோய் அங்க வச்சிருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ சுவர்?"

"அதை அடுத்த வெள்ளி பேசலாம்."

நல்ல வார்த்தை ஒன்று வாங்கப் போய் வேலையை வாங்கிக்கொண்டு வந்தாள் உலகம்மாள். பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள்.

சனிக்கிழமை, வாயைக் கட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாடாக இருந்தது.

குத்தாலம் டார்ச் லைட்டைத் தேடினார். மோட்டார் அறை பகலிலும் இருட்டு, போன வருஷம் அதற்குள் பாம்பு வேறு கிடந்தது. டார்ச், 'கரண்ட் சாமான்' என்று எழுதிய இழுப்பறையில் ஒயர்களோடு ஒழுங்காகப் படுத்திருந்தது. அவர் நேரே பின்வாசலுக்குப் போனார். நிலைப்பக்கத்துச் சுவரைத் தடவினார். வெறும் சுவர். "இந்த வீட்டுல ஒரு சாமான் உருப்படியா இருக்காது," என்று கத்திவிட்டு டார்ச் இல்லாமலே போனார்.

உலகம்மாள் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். டார்ச்சைத் தொங்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் நகவெட்டி தேடினார். காலை வெயில் விழுகிற நாற்காலிக்குப் போய் அதன் கைப்பிடியைத் தடவினார். நாற்காலிக்குப் பக்கத்தில் நகவெட்டியோடு ஒரு சின்ன டப்பா வந்தது.

திங்கட்கிழமை மகள் செண்பகத்துக்கு ஊக்கு வேண்டும். காலேஜ் பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம். கண்ணாடிக்கு ஓடினாள், அங்கே இல்லை, புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் போன பிறகு உலகம்மாள் காலண்டர் அட்டை ஒன்றில் ஊக்குகளை வரிசையாகக் குத்திக் கண்ணாடிக்குக் கீழே மாட்டினாள்.

அன்றைக்கே, சாப்பிட்டு எழுந்த கணவர் சங்கரபாண்டி ஏதோ யோசனையில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. கையை எடுத்துவிட்டார். ஒரு மாதமாக மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. உலகம்மாள்தான் எடுத்து வைத்தாள்.

அவள் எழுந்து போனாள். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சி பால் பாக்கெட்டோடு அடுப்படிக்கு வந்தாள். வலது கை ஜன்னலுக்குப் போனது. கத்திரிக்கோல் அங்கே இல்லை. பேச்சி யாரையும் கூப்பிடவில்லை. பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

எத்தனை நாளாக இப்படிக் கடிக்கிறாள் என்று உலகம்மாளுக்குத் தெரியாது. மனசு சங்கடமாகிவிட்டது.

புதன்கிழமை கத்திரிக்கோல் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கியது.

பேச்சி அதைப் பார்த்தாள். "எக்கா, இதை நீங்களா இங்க வச்சீங்க?"

"ஆமா."

பேச்சி பாக்கெட்டை வெட்டிப் பாலைப் பாத்திரத்தில் ஊற்றினாள். கத்திரிக்கோலைக் கழுவித் துடைத்து, பழையபடி தொங்கவிட்டாள்.

"இன்னும் அஞ்சு நாளைக்குத்தானே எக்கா. பிறகு எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிடுதேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. குத்திக்காட்டியிருந்தால் உலகம்மாள் பதில் சொல்லியிருப்பாள். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்க ரெண்டு பேருமே ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை உலகம்மாள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"வீட்டுல சத்தம் பாதியா கொறைஞ்சு போச்சும்மா. எல்லாத்துக்கும் ஒரு இடம் வந்துட்டுது."

"நல்லது."

"ஒண்ணு சொல்லணும். நான் புதுசா வச்ச இடத்துல பாதி, பேச்சி முந்தியே வச்சிருந்த இடம். நான்தான் எடுத்து எடுத்து மாத்தியிருக்கேன்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் முடிவு செய்து வைத்திருந்தாள். "அவளுக்கு அடுக்கத் தெரியாதுன்னு நெனைச்சேன். அப்படியில்லை. அவ வேற மாதிரி அடுக்குதா."

"ம்."

"ஆனாலும் சுவர் சுவர்தாம்மா. பேசியாச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. திங்கக்கிழமை கொத்தனார் வாரார்."

தவசியம்மா தலையாட்டினார்.

"அப்போ தேடுற இடமெல்லாம் கணக்குல வந்தாச்சு."

"வந்தாச்சும்மா. ஒண்ணை மட்டும் நான் சேக்கலை."

"எதை?"

"எல்லாரும் ஒரு எட்டு எடுத்து வைக்கிறதுக்கு முன்னாலயே நடுவீட்டுல நின்னு கூப்பாடு போடுதாங்க. மாமா 'ஏ பேச்சி'ங்காங்க. செண்பகம் 'சித்தி'ங்கா. அது வாய்ப் பழக்கம்தானே. அதையெல்லாம் ஒரு இடம்னு எப்படிச் சொல்ல?"

"நீங்க எதையும் தேடலையா?"

"நானா?" உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"ஒரு வாரத்துல ஒண்ணுகூடவா?"

உலகம்மாள் யோசித்தாள்.

"நேத்து கொத்தனார் அளவு குறிக்க வந்தார். நூல் கொண்டுவர மறந்துட்டார். வீட்டுல நூல் இருக்கா தாயின்னு கேட்டார்."

"நூலுக்கும் டப்பா இருக்குமே."

"இருக்கு. கயிறு, நூல், சணல். மூணாவது டப்பா."

"அங்க போனீங்களா?"

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லை," என்றாள் உலகம்மாள்.

"எங்க போனீங்க?"

"எங்கயும் போகலை. நின்ன இடத்துல நின்னு, 'பேச்சி'ன்னு கூப்பிட்டேன்."

"வந்தாளா?"

"நூலோட வந்தா. ஒரு நுனியைக் கொத்தனார் புடிச்சார். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். இன்னொரு நுனியை அவளே புடிச்சுக்கிட்டு அந்தக் கடைசியில போய் உட்கார்ந்தா. கொத்தனார் கோடு போட்டு முடிக்கிற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிரலை. அவ கண்ணைத் துடைச்சதை நான் பார்த்தேம்மா. பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

தவசியம்மா கேட்டார்:

"சுவர் எழும்பினா, எல்லாரும் முதல்ல போற அந்த இடம் எந்தப் பக்கம் வரும்?"

உலகம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"உங்க பஸ்ஸு ஆறு மணிக்குத்தானே?" என்றார் தவசியம்மா. "மணி நாலுகூட ஆகலை. மழை வேற பெய்யுது."

"கொத்தனார் வீடு பக்கத்து ஊருதாம்மா. நடந்தே போயிருவேன்."