இன்னைக்கு இருக்கிற மாதிரியே

புளிச்சிகுளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் அதிகம் நொந்தவர் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன். மகன் கணபதிராமனுக்கு வயது முப்பத்து நாலு. வீடு பார்க்க ஒன்பது பெண்வீட்டார் வந்தார்கள். ஒன்பது பேரும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், செருப்பை மாட்டினார்கள்.

டவுனில் ஒரு பிஸ்கட் கம்பெனி, லாபத்தில் ஒரு பகுதியை ஊர்களின் முன்னேற்றத்துக்குச் செலவழிக்கிறதாம். கேள்விப்பட்ட தலைவர் மனு கொடுத்தார். இரண்டே மாதத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் வந்து இறங்கியது. கூடவே கம்பெனியின் பியூலா மேடமும் வந்தார். ரிப்பன் வெட்டினார், ஒரு டம்ளர் பிடித்துப் பாதி குடித்தார், குழாயை மூடினார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

புறப்படும்போது சொன்னார்: "மெஷினை வாங்கிட்டு மூணே மாசத்துல துருப்பிடிக்க விட்ட ஊர் நிறைய பார்த்துட்டோம். இது நிலைச்சு நிக்கணும். எப்ப வந்து பார்த்தாலும் இன்னைக்கு இருக்கிற மாதிரியே இருக்கணும். இல்லைன்னா பக்கத்து ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம்."

பயந்துபோன ஆவுடையப்பன் மறுநாளே பஞ்சாயத்தைக் கூட்டினார். மேடம் அனுப்பிய போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நடுவில் வைத்தார்கள்.

"இன்னைக்கு இருக்கிற மாதிரின்னா இதுதான். இதுல ஒண்ணும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார் தலைவர்.

"குழாய் மூடியிருக்கு அண்ணாச்சி" என்றார் வார்டு மெம்பர் சங்கிலி.

"அப்ப மூடியே இருக்கட்டும்."

"டம்ளர்ல பாதித் தண்ணி நிக்கி."

"நிக்கட்டும்."

"ஓரத்துல ஒரு ஆடும் நிக்கி."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு ஆடு. அலங்காரத்துக்குக் கட்டிய வாழையை மேய்ந்துகொண்டிருந்தது.

"யாரு ஆடு வே?"

"என்னுதுதான்" என்றார் கோவில்பிள்ளை. அவரும் போட்டோவில் இருந்தார், முதுகைச் சொறிந்தபடி.

"அப்ப நாளையிலேருந்து ரெண்டு பேரும் டூட்டிக்கு வந்திரும்."

வந்தார்கள். ஆடு தினமும் ஒரு வாழையைத் தின்றது. இரண்டு மாதத்தில் ஊரில் வாழைத்தோப்பு இல்லை. கோவில்பிள்ளையின் முதுகில் தோல் இல்லை. டம்ளரில் தண்ணீர் வற்ற வற்ற, கிணற்றிலிருந்து மொண்டு ஊற்றிச் சமன் செய்தார்கள். பெண்கள் வழக்கம்போல மூன்று மைல் நடந்து குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். போகிற வழியில் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் ஆடு இரண்டு குட்டி போட்டது. ஊரே பதறியது.

"போட்டோவுல ஒரு ஆடுதானே? இப்ப மூணு ஆயிட்டே!"

சங்கிலி வெகுநேரம் யோசித்தார். "அன்னைக்கு வயித்துக்குள்ள இருந்திருக்கும் வே. போட்டோவுலயும் மூணுதான். ரெண்டு வெளிய தெரியல, அவ்வளவுதான்."

குட்டிகளைக் கூடை போட்டு மூடினார்கள். கணக்குச் சரியாகிவிட்டது.

இதற்கிடையே பத்தாவது பெண்வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா சுடலைமுத்து கறாரான ஆள். "நல்ல தண்ணி மெஷின் இருக்காமே. ஒரு டம்ளர் தாங்க."

"அதான் கண்ணால பாத்தாச்சுல்லா? குடிச்சு வேற பாக்கணுமாக்கும்?" என்றார் ஆவுடையப்பன்.

"குடிச்ச பிறகு பேசுவோம்" என்று அவரும் செருப்பை மாட்டினார். கணபதிராமன் அன்று சோறு தின்னவில்லை.

ஆறாம் மாதம் பியூலா மேடம் வந்தார். மெஷின் பளபளவென்று இருந்தது. தாகத்தோடு வந்தவர், டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்படியே துப்பினார்.

"உப்பு! மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேராகுமா மேடம்? நீங்க மூடின குழாயை நாங்க தொடவேயில்லையே" என்றார் தலைவர் பெருமையாக.

மேடம் வாயைத் திறப்பதற்குள் அவர் போட்டோவை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆடு சரி. வாழை பக்கத்து ஊரில் வாங்கியது, அதுவும் சரி. கோவில்பிள்ளை சரி. சட்டென்று தலைவர் முகம் வாடியது.

"நாங்க எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கோம். கம்பெனிதான் சொன்ன சொல்லுல நிக்கல."

"என்ன?"

"அன்னைக்கு மஞ்சச் சேலை. இன்னைக்கு நீலத்துல வந்து நிக்கீங்களே மேடம்!"

மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து, தன் கையாலேயே குழாயைத் திறந்தார். "குடிக்கிறதுக்குத்தான்யா மெஷின்! ஊர்ல எல்லாரும் பிடிங்க. தினமும் பிடிங்க!"

சொன்ன சொல் தட்டாதவர்கள் ஆயிற்றே! பிடித்தார்கள். சுடலைமுத்துவுக்கும் ஒரு குடம் போயிற்று. குடித்தார், இரண்டாவது டம்ளரும் கேட்டார், தை மாதமே நாள் குறித்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டியானதும் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுடலைமுத்து கண் கலங்க ஆவுடையப்பன் கையைப் பிடித்தார்.

"சம்பந்தி, எம் பொண்ணு என்னைக்கும் இன்னைக்கு இருக்கிற மாதிரியே சந்தோஷமா இருக்கணும்."

ஆவுடையப்பன் அவசரமாகக் கேட்டார்: "இல்லைன்னா?"

"இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சுடலைமுத்து விளையாட்டாகச் சிரித்தார்.

தலைவர் பாய்ந்து திரும்பினார். "வே, பந்தலைப் பிரிக்காதீரும்! மேளக்காரரைப் போகவிடாதீரும்! சங்கிலி, வாயில இருக்க அப்பளத்தைக் கடிச்சிராதீரும், போட்டோவுல முழுசா இருக்கு!"

கோவில்பிள்ளை பெருமூச்சு விட்டபடி கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனார்.

"ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வரணுமா அண்ணாச்சி?"