சாம்பல் கழியில் ஓர் இறால்

“இந்தக் கழியில உயிர் இல்லை,” என்றார் கோதண்டபாணி.

செஞ்சம்மா பதில் சொல்லவில்லை. வாயில் பறி இருந்தது.

பறி என்பது பனையோலைக் கூடை. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, உப்பங்கழியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது அவள் சனங்களின் வழக்கம். பிடித்து முடிக்கும்வரை பேச முடியாது. கேள்வி கேட்டவர் காத்திருக்க வேண்டியதுதான்.

கோதண்டபாணி கரையில் காத்திருந்தார். எதிரே இருந்த அனல்மின் நிலையத்தில் நீர்ச் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். முப்பது வருஷமாக இந்தத் தண்ணீரைச் சோதித்தவர். முழங்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை. செஞ்சம்மாவுக்கு அவர் மகள் வயது.

அவள் கரையேறிப் பறியைக் கவிழ்த்தாள். பத்துப் பதினைந்து இறால்கள் துள்ளின.

“இதெல்லாம் எங்கேருந்தும்மா வாங்கிட்டு வர?”

“வாங்கினு வந்து, தண்ணில உட்டு, மறுக்கா புடிக்கிறேனா? எனுக்கு வேற வேல இல்ல பாரு சார்.”

“நாங்க மூணு தடவை மெஷின் போட்டு அள்ளிப் பார்த்தோம். வெறும் சாம்பல். ஒரு புழுகூட இல்லை.”

“எங்க போட்டீங்க?”

“படகுத்துறைகிட்ட.”

“ஏன் அங்க?”

“அங்கதான் ஜீப் போகும்.”

செஞ்சம்மா அவரைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அனுப்பும் குழாய் பல வருஷமாக ஒழுகுகிறது. கழியின் தரை முழுக்கச் சாம்பல். செத்த கழிதானே, மேலும் கொட்டித் தூர்த்துவிட்டு நிலக்கரிக் கிடங்கு கட்டலாம் என்று நிர்வாகம் அரசிடம் அனுமதி கேட்டது. அதை முடிவு செய்ய வியாழக்கிழமை கமிட்டி வருகிறது. ‘உயிரினம் எதுவும் காணப்படவில்லை’ என்ற ஒரு தாளில் கோதண்டபாணி கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவை இரண்டு முறை திறந்தார். இரண்டு முறையும், தினம் ஆலை வாசலைக் கடந்து தலையில் இறால் கூடையோடு போகிற இந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். மெஷின் கண்டதைப் பற்றி யாரும் சொல்லிவைக்கவில்லை.

“வழி இல்லாம இல்லம்மா,” என்றார். “குழாயை மாத்தலாம். சாம்பலைக் கரைக்காம அப்படியே செங்கல் அறுக்கிறவங்களுக்குக் குடுக்கலாம். படிஞ்சதை அள்ளலாம். கரையில அலையாத்தி மரம் நடலாம். எல்லாம் எழுதிக் குடுத்தேன்.”

“எப்ப?”

“பதினோரு வருஷம் ஆச்சு.”

“அப்பறம்?”

“செத்ததுக்கு எதுக்கு வைத்தியம்னு கேக்கறாங்க.”

“செத்துட்ச்சுன்னு யாரு சொன்னது?”

கோதண்டபாணி தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார். சொல்லப்போவது அவர்தான்.

“எனக்கும் பிடிக்கக் கத்துக் குடுங்க,” என்றார்.

அவள் பறிக் கயிற்றை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“கடி சார்.”

திங்கட்கிழமை ஒன்றும் கிடைக்கவில்லை. கால் புதைந்து இரண்டு முறை குப்புற விழுந்தார். கரையில் யாரோ சிரித்தார்கள்.

“தாவாத சார். முன்னால போற கைக்கு அது சிக்காது. பின்னாலதான் துள்ளும். பின்கை காத்துனு இருக்கணும்,” என்றாள் செஞ்சம்மா.

செவ்வாய்க்கிழமை சிப்பி விரலைக் கிழித்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. தரை எங்கும் ஒரே மாதிரி இல்லை. சிமெண்டுப் பால் மாதிரி வழுக்கிக்கொண்டே வந்த சாம்பல் ஓரிடத்தில் நின்றுபோய், கை குளிர்ந்த சேற்றுக்குள் இறங்கியது. தலையைத் தூக்கினார். கேட்க வாய் இல்லை.

செஞ்சம்மாவே சொன்னாள். “நண்டு வேல அது. வளை தோண்டி, அடியில கீற சேத்த மேல கொண்டாந்து போடும். அங்கதான் எறா வந்து உக்காரும்.”

தண்ணீர் வற்றியபோது அவர் கரையில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெளிறிய சாம்பல். அதன்மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஆயிரம் இருக்கும், பத்தாயிரம் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நண்டு சுமந்து வந்து வைத்த ஒரு வாய்ச் சேறு. டெண்டர் இல்லை, உத்தரவு இல்லை, கையெழுத்து இல்லை. அவருடைய கோப்பு அலமாரியில் கிடந்த பதினோரு வருஷமும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை, முன்கை சேற்றில் ஊர்ந்தது. பின்கை காத்திருந்தது.

ஏதோ ஒன்று வந்து மோதியது.

உள்ளங்கைகளை மூடினார். உள்ளே மீசை போல ஒன்று தடவிப் பார்த்தது. அவரைத் தடவிப் பார்த்தது! மூடிய கையைத் திறக்க மனமில்லாமல், கும்பிட்டபடியே கரையேறினார்.

கையில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு நகத்தளவு இறாலும். கண்ணாடி உடம்பு. உள்ளே ஒரு துளி துடித்துக்கொண்டிருந்தது.

“கடல்ல பொறந்தது,” என்றாள் செஞ்சம்மா. “நொய்யரிசியாட்டம் இருக்கச்சொல்ல அலையோட மெதந்து உள்ள வரும். இங்க வளந்துட்டு மறுபடி கடலுக்குப் போவும்.”

“நம்ம ஆலைச் சுடுதண்ணி வாய்க்கால் கலக்கிற இடத்தைத் தாண்டியா?”

“வேற வழி ஏது?”

அந்த வாய்க்காலின் சூட்டை முப்பது வருஷமாகத் தினம் எழுதிவைத்தவர் அவர். அதற்குள் ஒரு நொய்யரிசி நீந்தி வருகிறது என்று எந்தத் தாளிலும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை, இரண்டு கையிலும் இறால்.

“பையில ஒரு பாட்டில் இருக்கு. எடுங்கம்மா,” என்றார். “இது ஒண்ணு போதும். நாளைக்கு கமிட்டி மேஜைமேல வெச்சிடறேன்.”

அவள் மூடியைத் திறந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். “இன்னா இது?”

“கெட்டுப்போகாம வெச்சிருக்கிற மருந்து.”

“இதுல போட்டா உசுரோட இருக்குமா?”

கோதண்டபாணியின் உள்ளங்கையில் மீசை இன்னொரு முறை அசைந்தது.

“சின்னது சார். சின்னத நாங்க எடுக்கறதில்ல.”

மறுபடி கழியில் இறங்கினார். பிறகு குனிந்து, தண்ணீருக்குள் கையைத் திறந்தார். ஒரு துள்ளல். அவ்வளவுதான். கையில் சேறு மட்டும் இருந்தது.

“நாளைக்கு நான் என்னத்தைக் காட்டுவேன்?” என்று அவளிடம் திரும்பினார். “அஞ்சு பேர் வராங்கம்மா. பெரிய பெரிய ஆளுங்க. வெறும் வாயால சொன்னா யார் நம்புவா?”

“அஞ்சு பேரா?”

“ஆமா.”

செஞ்சம்மா பறியை அலசி உதறினாள்.

“எங்கிட்ட ரெண்டு பறிதான் கீது. பக்கத்து வூட்ல மூணு வாங்கியாறேன்.”