துரை கேட்டு வாங்கிய சத்தியம்

முன்னொரு காலத்தில், கடற்கரைப் பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த நாளில், அதற்கு மேற்கே ஒரு சின்ன ராஜ்ஜியம் இருந்தது. அதில் ராஜா உண்டு, சிம்மாசனம் உண்டு, வெண்கொற்றக் குடையும் உண்டு. ஆட்சி மட்டும் சிம்மாசனத்துக்குப் பின்னால் தொங்கிய பட்டுத் திரைக்குள் இருந்தது. பிரெஞ்சுக்காரர் அனுப்பி வைத்த தெலார் துரை அதற்குள் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சொக்கேந்திர மகாராஜா எதைச் சொல்வதற்கு முன்பும் காதைத் தீட்டிக்கொள்வார். துரை ஒருமுறை இருமினால் சரி. இரண்டு முறை இருமினால் கூடாது. ஒரு மழைக்காலத்தில் துரைக்கு ஜலதோஷம் பிடித்து, ஒரே கள்வனுக்கு விடுதலையும் தண்டனையும் மாறி மாறிக் கிடைத்து, கடைசியில் அவனே சலித்துப்போய்ச் சிறைக்குத் திரும்பிய கூத்தும் அங்கே நடந்தது.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவர் அரசவை விகடர் ஆவுடையப்பர். பழைய சபையை அவர் கண்ணாரக் கண்டவர் அல்லவா! இதே மகாராஜா பட்டத்துக்கு வந்த புதிதில், சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து குடியானவர்களோடு மல்லுக்கு நிற்பார். தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில், "நேற்று நான் உளறிவிட்டேன், மன்னியுங்கள்" என்று சபையிலேயே சொல்வார். தப்போ சரியோ, சொன்னது அவர் வாய். அந்த நாட்களை நினைத்தால் ஆவுடையப்பருக்கு அழுகை வரும். சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்டவர் யாரிடம் போய் அழுவது?

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரியில் இருந்த கொஞ்சம் தண்ணீரையும் நீலச் சாயத்துக்கு விளைத்த தன் அவுரித் தோட்டத்துக்கென்று துரை மதகைப் பூட்டி வைத்துவிட்டார். ஏரிக்குக் கீழே பயிரிட்டவர்கள் சபைக்கு வந்து விழுந்தார்கள்.

"நாத்தெல்லாம் கருகுது சாமி. இன்னும் நாலு நாள் போச்சுன்னா புள்ளைங்க வாயில மண்ணுதான். ஒரு வார்த்தை சொல்லுங்க."

மகாராஜா வாய் திறந்தார். திரைக்குள் இரண்டு இருமல் கேட்டது. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குடியானவர்கள் போன பிறகும் அவர் நிமிரவில்லை.

அன்று மாலையே பட்டணத்துக்குக் கப்பல் வந்தது. அதில் வந்த சேதியைக் கேட்டுத் துரை முகம் வெளுத்துச் சபைக்கு வந்தார். பிரெஞ்சு தேசத்து ஜனங்கள் தங்கள் ராஜாவின் தலையையே வெட்டிவிட்டார்களாம். அங்கே இனிமேல் ஜனங்களின் சபைதான் ஆளுமாம். ஆகவே மகாராஜா அந்தச் சபையின் பேரில் மறுபடியும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போய் உட்கார்ந்தார்.

மகாராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அந்த ராஜாவின் பேரில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த கப்பலில் ராஜாவும் சபையும் என்றார்கள், அதற்கும் அணைத்தார். இப்போது இது! துரை மேல் காட்ட முடியாத கோபத்தை விகடர் மேல் காட்டினார்.

"ஆவுடையப்பரே! உள்ளங்கை ஆறுவதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடுகிறது. அவர்கள் நாட்டில் எவர் ஆண்டாலும் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாத சத்தியம் ஒன்றை நாளைக் காலைக்குள் எழுதி வாரும்!"

துபாஷி வரதப்பருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. துரையின் பேச்சை மொழிபெயர்க்கிற அவருக்கு விகடரைக் கண்டாலே ஆகாது. "மகாப்பிரபு, எந்தக் கப்பலுக்காவது அதை மாற்ற நேர்ந்தால் விகடரை நாடு கடத்த வேண்டும்" என்று கொக்கி போட்டார். திரைக்குள் ஒரு இருமல்.

சபை கலைந்ததும் மகாராஜா விகடரைத் தனியே நிறுத்தினார். "கோவத்துல சொல்லிட்டேன்யா. நீயும் போயிட்டா இங்க எனக்கு யாரு இருக்கா?"

"நான் எங்க போகப்போறேன் மகாராஜா? நீங்க தைரியமா சூடத்த அணைங்க. அணைச்சப்புறம், சொன்ன சொல்லுப்படி நடக்கணும். அதுதான் முக்கியம்" என்றார் ஆவுடையப்பர்.

காலையில் சபை நிறைந்தது. ஆவுடையப்பர் எழுதி வந்த தாளை விரித்துப் படித்தார்: "பிரெஞ்சு ஜனங்கள் தங்களை ஆள்பவர்களுக்கு எவ்விதம் கீழ்ப்படிகிறார்களோ, அவ்விதமே, எள்ளளவும் குறையாமல், நாங்கள் அவர்களுக்குக் கீழ்ப்படிவோம்."

ராஜாவின் பேர் எங்கே, சபையின் பேர் எங்கே என்று துபாஷி துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். துரையோ மகிழ்ந்துபோனார். "எங்கள் ஜனங்களைப் போலவா? அதைவிடச் சிறந்த சத்தியம் வேறென்ன!" என்று கைதட்டிக் கையெழுத்தும் போட்டார். மகாராஜா சூடத்தை அணைத்தார்.

அணைத்த கையோடு சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். திரைப்பக்கம் திரும்பவே இல்லை. நேரே ஏரிக்கரைக்கு நடந்தார். வழியெல்லாம் ஜனங்கள் சேர்ந்தார்கள். கடப்பாரையை வாங்கித் தாமே மதகுப் பூட்டை உடைத்தார். தண்ணீர் பாய்ந்தபோது கரையில் நின்ற ஆவுடையப்பருக்கு, மல்லுக்கு நின்ற அந்த இளவயது ராஜா திரும்பி வந்ததுபோல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துரை குதிரையில் பறந்து வந்தார். கூட வந்த சிப்பாய்களில் பாதிப்பேர் அந்த வயல்காரர்களின் பிள்ளைகள். வாய்க்காலைக் கண்டதும் துப்பாக்கியைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

"துரோகம்! சூட்டோடு சூடாகச் சத்தியத்தை மீறிவிட்டீர்கள்!" என்று துரை கத்த, துபாஷியும் அதே குரலில் தமிழில் கத்தினார்.

ஆவுடையப்பர் பணிவாக முன்னே வந்தார். "துரை அவர்களே, தங்கள் ஊரில் ஜனங்களுக்கு ரொட்டி கிடைக்காதபோது யாருடைய இருமலுக்காகக் காத்திருந்தார்கள்?"

ஆவுடையப்பரே பதிலும் சொன்னார்:

"சிறைக்கதவை உடைத்தார்கள். அரண்மனைக்குள் புகுந்தார்கள். பிறகு ராஜாவை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தலையை எடுத்தார்கள். நாங்கள் பூட்டை மட்டும்தான் உடைத்திருக்கிறோம். எள்ளளவும் குறையாமல் என்று சூடம் அணைத்தாயிற்று. மிச்சத்தையும் செய்யச் சொன்னால், வண்டி தயாராக இருக்கிறது."

துபாஷி இதை மொழிபெயர்த்தார். துரையின் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று. "வேண்டாம், வேண்டாம். இவ்வளவு கீழ்ப்படிந்ததே போதும்" என்றார்.

மகாராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனை வருஷத்துச் சிரிப்போ அது! தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து விகடருக்குப் போர்த்தி, "அவர்கள் ஊரில் ஆட்சி மாறுந்தோறும் உமக்கு ஒரு சால்வை!" என்று ஆணையிட்டார்.

பிறகும் கப்பல்கள் வந்தன. ஐந்து பேர் சேர்ந்து ஆள்கிறார்கள் என்றது ஒன்று. ஒரு தளபதி ஆள்கிறார் என்றது அடுத்தது. அந்தத் தளபதியே சக்கரவர்த்தி என்றது மற்றொன்று. கடைசியில், வெட்டுண்ட ராஜாவின் தம்பியே ராஜா என்றும் சேதி வந்தது. ஒவ்வொரு தடவையும் துபாஷி வரதப்பர் அதே சத்தியத்தை எழுத்து மாறாமல் படிப்பார், மகாராஜா விழுந்து விழுந்து சிரிப்பார், ஆவுடையப்பர் வீட்டுப் பெட்டியில் இன்னொரு சால்வை ஏறும். அந்தச் சின்ன ராஜ்ஜியத்திலோ குளிரே கிடையாது. பெட்டி மூட முடியாமல் போனதும் அவர் மனைவி, "அந்தப் பிரெஞ்சுக்காரங்களை ஒரு ராஜாவோட நிக்கச் சொல்லுங்களேன்" என்று மகாராஜாவிடமே வந்து முறையிட்டாளாம். மகாராஜா அதற்கும் ஒரு சால்வை கொடுத்தார்.