யானைகளை அழைத்த வரைபடம்

ரொம்ப காலத்துக்கு முன்னே, மேற்கு மலையடிவாரத்தில் கூவல்நாடு என்று ஒரு தேசம். அதைக் கரியமாணிக்கன் என்ற ராஜா ஆண்டான். நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும் அவனுக்கு. ஒருநாள், காட்டுக்குள்ளே புது ஊர் கட்டுவதென்று முடிவு செய்தான்.

அவன் சபையில் அனந்தகீர்த்தி என்ற பண்டிதர் இருந்தார். ஊர், கோட்டை எதற்கும் படம் வரைவது அவர்தான். வேறு யாராவது அந்த வேலையைத் தொட்டால் அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, ஊரைச் சுற்றி என்னென்ன இருக்கட்டும்?"

"எல்லாம் இருக்கட்டும்!"

பண்டிதரும் எல்லாவற்றையும் வைத்தார். மூன்று சுனை, மதிலை ஒட்டிக் கரும்புத் தோட்டம், அதற்கு அடுத்தாற்போல் மூங்கில் காடு, நடுவிலே உப்பு மண் மேடு. காட்டுக்கும் ஊருக்கும் இடையே வெட்டவெளி ஓர் அம்பு பாயும் தூரம்தான். "சந்தன மரம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் பிரபு" என்றார். ராஜா கைதட்டினான்.

ஊர் எழுந்த ஐந்தாம் மாதம் யானைகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு இருபது, கடைசியில் எண்ண ஆளில்லை.

"இந்த வருஷம் யானை அதிகம் பிரபு. ஜனங்களும் கோழைகள்" என்றார் பண்டிதர். படத்தை மாற்றவில்லை. மதில் மட்டும் உயர்ந்து, ஐந்நூறு வீரர்களோடு அதேபோல இரண்டாவது ஊர் எழுந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவதாக, சுனையும் உப்பு மேடும் அப்படியே இருந்த அதே இடத்துக்கு எழுநூறு பேரை அனுப்பினார்கள்.

அவர்கள் புறப்பட்ட பன்னிரண்டாம் நாள், சடைச்சி என்ற பெண் சபைக்கு வந்தாள். செங்கல் அறுப்பவள். புருஷனை இரண்டாவது ஊரில் பறிகொடுத்தவள். அங்கே மிதிபட்ட கால் ஆறி, ஊன்றி நடக்க இத்தனை நாள் ஆகியிருந்தது. அவளுடைய ஒரே மகள் பூமாரி இப்போது மூன்றாவது கூட்டத்தோடு போயிருந்தாள்.

"மகாராஜா, அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள். யானை தானாகப் பெருகவில்லை. இந்த ஐயா வரைந்த படம்தான் அவ்வளவையும் ஓரிடத்துக்குக் கூட்டுகிறது."

பண்டிதர் சிரித்தார். "மண் மிதிக்கிறவள் எனக்குப் படம் சொல்லித் தருகிறாளா?"

"எனக்கு எழுத்துத் தெரியாது ஐயா. உங்கள் படத்தைத் தரையில் போட்டுக் காட்டுகிறேன். நான் சொல்வது பொய்யானால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "போடு பார்க்கலாம்" என்றான்.

அரண்மனை முற்றத்து மாமரத்தடியில் கட்டெறும்புப் புற்று ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டாள். பலகையைச் சுற்றி, சுனைக்குப் பதில் மூன்று குழிகளில் வெல்லப்பாகு, கரும்புக்குப் பதில் பலாச்சுளை, உப்பு மேட்டுக்குப் பதில் தேங்காய்த் துருவல்.

"இதுதான் ஊர். ஐயா நடுவில் உட்காரட்டும், ஒரு நாழிகை."

"எறும்புக்கா நான் பயப்படுவேன்?" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார் பண்டிதர்.

முதலில் இரண்டு வந்தன. தட்டிவிட்டார். பிறகு ஒரு சாரை. "ஆட்களை அனுப்புங்கள்!" என்றார். விளக்குமாற்றோடு நாலு பேர் வந்தார்கள், பிறகு எட்டுப் பேர். பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தன. நாழிகை முடியுமுன்னே வேட்டியை உதறிக்கொண்டு குதித்தார்.

"யாரடி இத்தனை எறும்பைக் கொண்டுவந்தது?"

"நான் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை ஐயா. எல்லாம் இங்கேயே இருந்தவைதான்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சடைச்சி சிரிக்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். பாகையும் பலாவையும் புற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். பலகையை இந்தப் பக்கம் முற்றத்துக் கோடிக்கு இழுத்துப் போட்டு, சுற்றிலும் வெட்டவெளிக்குப் பதில் அகலமாகச் சாம்பல் தூவினாள். பலகையருகே ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவுதான். "இப்போது நீங்கள் உட்காருங்கள் மகாராஜா."

ராஜா உட்கார்ந்தான். ஒரு நாழிகையில் மூன்றே மூன்று எறும்பு வந்தது.

"புற்று அதேதானே?"

"அதேதான் சாமி. ஊர் இருக்கிற இடம்தான் வேறு."

ராஜா பலகையை விட்டு எழுந்தான். "குதிரையைக் கட்டவிழுங்கள்! அவர்களைத் திருப்புங்கள்!" என்று கத்தினான்.

பத்தாம் நாள் குதிரைக்காரன் திரும்பினான். மரத்தின் மேல் ஏறித் தப்பிய முப்பத்தோரு பேர் அவன் பின்னால் நடந்து வந்தார்கள். கோட்டை வாசலில் நின்ற சடைச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முப்பத்தோராவது முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் யாராவது வருகிறார்களா அப்பா?"

குதிரைக்காரன் கடிவாளத்தை அவிழ்க்கத் தொடங்கினான்.

ராஜா சபை நடுவே பண்டிதரின் விருதுச் சால்வையைப் பறித்தான். "இனி ஊர்ப்படம் வரைகிறவன் எவனும், தன் பெண்டு பிள்ளையோடு அந்த ஊரின் கடைசி வீட்டில் குடியிருக்க வேண்டும்" என்று கட்டளை போட்டான். பண்டிதரின் ஆசனத்தைச் சடைச்சிக்குக் கொடுத்தான்.

"அன்றைக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக நான் நடந்து வந்திருந்தால் இதில் உட்காருவேன் சாமி" என்றாள் அவள். "அந்த முப்பத்தோரு பேருக்கும் போக இடமில்லை. என்னை அவர்களோடு அனுப்புங்கள்."

காட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, பொட்டல் வெளியில் ஊர் கட்டினார்கள். ஒரே கிணறு. அதிலும் கோடையில் பாதி வாளிதான். கேழ்வரகு விளைந்தது, அரை வயிற்றுக்கு. யானை வருஷத்தில் ஒன்றிரண்டு வழி தப்பி வரும், தின்ன ஒன்றும் இல்லையென்று போய்விடும். ராஜா தண்டனையாக அனுப்பிய பண்டிதர் அங்கே மண் சுமந்தார். சடைச்சி அவரை ஏசியதுமில்லை, அவரோடு பேசியதுமில்லை.

மறுவருஷம் ராஜா பார்க்க வந்தான். களத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவளின் எதிரே போய் நின்றான்.

"ஊருக்கு என்ன பேர் வைத்தீர்கள் அம்மா?"

சடைச்சி கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் வைக்கவில்லை சாமி. நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்."