பாய்வண்டியில் ஏறிய கன்றுக்குட்டி

முன்னொரு காலத்தில், காற்று ஓயாத கடலோர நாடொன்றை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அங்கே காலையில் காற்று கடலை நோக்கி வீசும். மாலையில் ஊர்ப்பக்கம் திரும்பும். சூடாமணி ஆசாரி என்ற தச்சர் படகுக்குக் கட்டுவதுபோல் வண்டிக்கும் பாய் கட்டிப் பார்த்தார். மாடும் இல்லாமல் வைக்கோலும் இல்லாமல் வண்டி ஓடியது.

அரசனுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "வரும் பௌர்ணமிக்குள் நம் பெருவழி நிறையப் பாய்வண்டிகள் ஓட வேண்டும்!" என்றான். அதை நம்பி, ஆசாரி இருந்த மரத்தையெல்லாம் அறுத்து வண்டிகள் செய்தார். ஒன்றுகூட விற்கவில்லை.

அரண்மனை விகடகவி மருதப்பன்மேல் அமைச்சர் பரஞ்சோதியாருக்கு நெடுநாள் பொறாமை. "இவ்வண்டியைப் புகழ்ந்தவர் மருதப்பன்தானே, மகாராஜா? அவரே விற்றுக் காட்டட்டும். பொக்கிஷத்தைத் தொடக் கூடாது. எவரையும் வற்புறுத்தக் கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். மருதப்பன் இல்லாத சபையை நினைக்கவே அரசனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டான்.

மருதப்பன் நேரே ஆசாரியின் பட்டறைக்குப் போனான்.

"ஏன் யாரும் வாங்கல, ஆசாரியாரே?"

"ஆசையாத் தடவிப் பாக்குறாங்க ஐயா. சுங்கச்சாவடிய நெனச்சதும் கைய எடுத்துடுறாங்க. பாய்க்கு வரி, பாய்மரத்துக்கு வரி, வீசுற காத்துக்கும் வரி! மாட்டு வண்டி மட்டும் சும்மா போகுது."

வைக்கோல் வியாபாரம் முழுவதும் அமைச்சரின் மைத்துனர் கையில் இருந்தது. பாய்வண்டி ஓடினால் வைக்கோல் விலைபோகாது என்றுதான் அமைச்சர் இந்த வரியைப் போட வைத்திருக்கிறார் என்று மருதப்பனுக்கு விளங்கிவிட்டது. சுங்கச்சாவடிக் கல்லில் வெட்டியிருந்த சட்டத்தைப் போய்ப் படித்தான். 'மாட்டோடு செல்லும் வண்டிக்கு வரி இல்லை' என்றிருந்தது.

மறுநாள் சுங்கச்சாவடிக்கு ஒரு பாய்வண்டியில் வந்து சேர்ந்தான். பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி உட்கார்ந்திருந்தது.

"வரி கட்டணுமே, ஐயா!" என்றான் சுங்கக்காரன்.

"மாட்டோடதானேப்பா போறேன்? கல்லப் படிச்சுப் பாரு."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டான்.

பின்னால் நின்ற உப்பு வியாபாரிகள் அதைப் பார்த்தார்கள். அன்று மாலையே ஆசாரி வீட்டு முன் கூட்டம். இருந்த வண்டிகள் விற்றுத் தீர்ந்தன; புது வண்டிகளுக்கு மொத்தமாக மரம் வாங்கியதால் ஆசாரியால் விலையையும் குறைக்க முடிந்தது. வாங்குவோர் இன்னும் பெருகினார்கள்.

பௌர்ணமியன்று அரசன் மாடத்திலிருந்து பார்த்தான். பெருவழியெங்கும் வெள்ளைப் பாய்கள்! வண்டிக்கு ஒரு கன்றுக்குட்டி, காதுகள் காற்றில் பறக்க, சுகமாக உட்கார்ந்து போனது.

"மோசடி, மகாராஜா! வரி ஏய்ப்பு!" என்று பதறினார் அமைச்சர்.

"சட்டத்தில் ஓர் எழுத்தையும் மீறவில்லை, மகாராஜா" என்றான் மருதப்பன். "மாடு வண்டியை இழுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. பாய்வண்டி ஓட வேண்டும் என்கிறது தங்கள் ஆணை. ஓட்டினால் காற்றுக்கும் வரி என்கிறது சுங்கச் சட்டம். நடுவில் திண்டாடிய மக்களுக்குக் கன்றுக்குட்டி கைகொடுத்தது."

"காற்றுக்கு வரியா? அப்படி ஒரு சட்டத்தை நானா போட்டேன்?"

"தாங்கள்தான் முத்திரை வைத்தீர்கள்..." என்று இழுத்த அமைச்சர் தலைகுனிந்தார். படிக்காமல் முத்திரை வைத்ததை நினைத்து அரசன் ஒரு கணம் நாணினான். மறுகணம், கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"இன்றோடு அந்த வரி ஒழிந்தது! அமைச்சரே, நீரே போய்க் கன்றுகளையெல்லாம் தாய்ப்பசுக்களிடம் சேர்த்துவிட்டு வாரும். மருதப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"ஒரு தலைப்பாகை, மகாராஜா. என்னுடையதைக் கன்றுக்குட்டி வழியிலேயே தின்றுவிட்டது."

அரசன் சிரித்துக்கொண்டே தன் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றி, மருதப்பன் தலையில் தன் கையாலேயே கட்டிவிட்டான்.